வீட்டுச் சமையலறையில் பேக்கிங்குக்குத் தனி இடம்: ஒதுக்கலாமா, வேண்டாமா?

தாம்பரம்_தாரா

அடுத்த மாதம் எங்கள் பிளாட்டில் சமையலறையை உடைத்து வேலை செய்யப் போகிறோம். பத்துக்கு எட்டு அடி அறை, எல் வடிவ மேடை. அடுப்பும் சிங்க்கும் இருக்கும் நீளப் பக்கத்தைத் தொடப் போவதில்லை. குட்டைப் பக்கத்தில் மட்டும் நான்கு அடியை பேக்கிங்குக்கென்றே ஒதுக்கலாம் என்று ஆசை. மேலே ஓ.டி.ஜி. (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்), கீழே இழுப்பறைகளில் மாவு, டின்கள், தராசு, பீட்டர். இப்போது அந்த இடத்தில் கிரைண்டரும் இட்லிப் பானையும்தான் இருக்கின்றன. கேக், பன், பிஸ்கட் எல்லாம் வீட்டுக்கு மட்டும், விற்பனை கிடையாது. வீட்டில் சிலர் செய் என்கிறார்கள், சிலர் வீண் செலவு என்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை_நித்யா

கட்டாயம் ஒதுக்குங்கள் தாரா. அழகுக்காகச் சொல்லவில்லை, எண்ணெய்க்காகச் சொல்கிறேன். நம் வீடுகளில் தாளிக்காத நாளே இல்லை. மேடை, கிண்ணம், கரண்டி எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். முட்டையின் வெள்ளைக்கருவை அடிக்கும் கிண்ணத்தில் அந்தப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் போதும், நுரை சரியாக எழும்பாது. தூத்துக்குடி மக்ரூனை வீட்டில் செய்து பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரித் தூள், அவ்வளவுதான் அதில். நுரை கெட்டுப்போனால் ஈடுகட்ட வேறு பொருளே இல்லை.

அப்புறம் ஆவி. பெரும்பாலான வீடுகளில் பேக்கிங் பவுடர் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில்தான் இருக்கிறது. குக்கர் ஆவி தினமும் அங்கேதான் போகிறது. ஈரம் பட்டால் டப்பாவுக்குள்ளேயே பவுடர் தன் வேலையைச் செய்து முடித்துவிடும். கேக் எழும்பவில்லை என்று ரெசிபியைத் திட்டுவோம். (அரை ஸ்பூன் பவுடரை வெந்நீரில் போடுங்கள். உடனே பொங்கினால் நல்லது, இல்லையென்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.) வெண்ணெயும் க்ரீமும் பக்கத்தில் இருக்கும் பூண்டு வாசத்தை இழுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. ஓ.டி.ஜி. லாஃப்டில் இருந்தால் பேக்கிங் நடக்காது. ஏணி போட்டு இறக்கி, துடைத்து, முடிந்ததும் ஆறவைத்து மறுபடி ஏற்றுவதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது? எப்போதும் தயாராக இருக்கும் இடத்தில்தான் வேலை நடக்கும்.

மயிலை_ரகு

நித்யா சொன்னதில் பாதி பாத்திரத்தைப் பற்றியது, இடத்தைப் பற்றியதே இல்லை. எண்ணெய் படாத ஒரு ஸ்டீல் கிண்ணம், ஒரு விஸ்க், ஒரு ஸ்பாட்டுலா மூன்றையும் மூடி போட்ட பெட்டியில் தனியாக வையுங்கள். அடிக்கும் முன் கிண்ணத்தை எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்தால் போதும். பேக்கிங் பவுடரை அடுப்பை விட்டுத் தள்ளியிருக்கும் அலமாரிக்கு மாற்றுவதற்குக் கொத்தனார் வேண்டியதில்லை.

பத்துக்கு எட்டு சமையலறையில் நான்கு அடி என்பது பெரிய விலை. தினமும் காய் நறுக்கவும், சப்பாத்தி தேய்க்கவும், டிபன் பாக்ஸ் கட்டவும் இருக்கும் இடத்தை எப்போதாவது செய்யும் கேக்குக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள். கிரைண்டர் எங்கே போகும்? இட்லி மாவு அரைக்காத தமிழ் வீடு உண்டா?

நானும் வீட்டில் பிரெட் போடுகிறவன்தான். மாவு பிசைவது டைனிங் டேபிளில். காரணம் இருக்கிறது. நம் சமையல் மேடைகள் பெரும்பாலும் 32 முதல் 34 அங்குல உயரம். பிசையும்போது தோளின் எடை மாவின்மேல் இறங்க வேண்டும், அதற்கு மேடை தாழ்வாக இருக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைத் தரைக்கு இணையாக மடக்கிப் பாருங்கள், பிசைய ஏற்ற உயரம் ஏறக்குறைய அதுதான். டைனிங் டேபிள் 29, 30 அங்குலத்தில் ஏற்கெனவே அங்கே நிற்கிறது.

வெயிலையும் மறக்காதீர்கள். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்க வெண்ணெய் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாக வரும். சென்னையில் மே மாதச் சமையலறையில் அது இளகி எண்ணெயாகிவிடும். ஐசிங்கை நாங்கள் படுக்கையறையில் ஏ.சி. போட்டுத்தான் செய்கிறோம். ஆகப் பிசைவது ஹாலில், க்ரீம் படுக்கையறையில். சமையலறை மேடையில் மிஞ்சுவது ஓவன் மட்டும். அதற்கு இரண்டு அடி போதும்.

மதுரை_மின்பணி

மேடை எத்தனை அடி என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள். நான் வயரிங் வேலை பார்க்கிறவன், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சாதாரண 6 ஆம்ப் பிளக் 230 வோல்ட்டில் 1380 வாட்ஸ் வரைக்கும்தான் தாங்கும். ஓ.டி.ஜி. வாங்கும்போது பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். நடுத்தர அளவு ஓவன்கள் 1500, 2000 வாட்ஸ் என்று இருக்கும். 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். மிக்ஸி இரண்டு மூன்று நிமிடம் ஓடி நின்றுவிடும். ஓவன் சூடாவதற்குப் பத்து நிமிடம், கேக் வேக முக்கால் மணி நேரம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகிப்போவது இப்படித்தான். மல்டி பிளக்கில் ஃபிரிட்ஜையும் ஓவனையும் சேர்த்து மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

மேடம், டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) ஓவனுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, தனி எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), 16 ஆம்ப் பாயிண்ட், சரியான எர்த். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதையும் இந்த லைனில் போடாதீர்கள். அது ஒரு 2000, இது ஒரு 2000 என்றால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். சுவிட்சை ஓவனுக்குப் பின்னால் வைக்காமல் பக்கவாட்டில், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். ஏதாவது புகைந்தால் சூடான ஓவனைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது.

ஓவனைச் சுற்றியும் மேலேயும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று அதோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். பக்கங்களிலும் பின்னாலும் நான்கு அங்குலமாவது விடுங்கள். பிளைவுட் அலமாரிக்குள் செருகி வைத்தால் லேமினேட் உப்பிக் கழன்று வரும்.

நெல்லை_உமா

யாரும் முட்டையைப் பற்றிப் பேசவில்லையே. எங்கள் வீட்டில் மாமியார் சுத்த சைவம். பிள்ளைகளுக்கு கேக்கில் முட்டை வேண்டும். அத்தை சாமிக்குப் படையல் செய்யும் மேடையில் நான் முட்டை உடைத்தால் அவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்லமாட்டார்கள், ஆனால் அன்றைக்கு அந்த மேடையில் கை வைக்கவும் மாட்டார்கள். யுடிலிட்டி பக்கம் கடப்பா கல்லில் மூன்றடி மேடை போட்டு, அதற்கென்று கிண்ணம், கரண்டி, தேய்க்கும் ஸ்க்ரப்பர் உட்பட எல்லாவற்றையும் தனியாக வைத்த பிறகுதான் இரண்டு பேருக்கும் நிம்மதி. ரகு தம்பி சொல்லும் டைனிங் டேபிள் எங்கள் வீட்டுக்கு ஆகாது, அங்கேதான் எல்லாரும் சாப்பிடுகிறோம்.

யுடிலிட்டியில் வாஷிங் மெஷினுக்கென்று பவர் பிளக்கும் இருந்தது. ஓவன் ஓடும்போது மெஷின் ஓடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்து வைத்தோம்.

மயிலை_ரகு

உமா அக்கா, உங்கள் வீட்டுக் காரணம் நியாயமானது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் சமையலறையை விட்டு வெளியே போய்விட்டீர்கள் என்பதைக் கவனியுங்கள். தாரா கேட்பது சமையலறைக்குள் இருக்கும் நான்கு அடியை.

கோவை_நித்யா

ரகு, டைனிங் டேபிள் கணக்கு தாளில் நன்றாக இருக்கிறது. ஈஸ்ட் மாவு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உப்ப வேண்டும், பிறகு உருட்டி வைத்து மறுபடி உப்ப வேண்டும். அதற்குள் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தோடு வந்து உட்காருவார்கள், யாராவது சாப்பிடக் கேட்பார்கள். ஹாலில் ஃபேன் ஓடும், மைதா சோபா வரைக்கும் பறக்கும். அழுத்திப் பிசைந்தால் ஆடாத டைனிங் டேபிள் எத்தனை வீட்டில் இருக்கிறது?

உயரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதையே தாராவுக்கு ஆதரவாகத் திருப்புகிறேன். அவர் மேடையை எப்படியும் உடைக்கப் போகிறார். குட்டைப் பக்கத்தை 30 அங்குலத்தில் போட்டால் என்ன? மற்ற பக்கம் இருக்கிறபடி இருக்கட்டும். இப்போது செய்யாவிட்டால் இன்னும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு அந்தக் கல்லை யாரும் தொடமாட்டார்கள். கிரானைட்டும் மாவுக்கு நல்லது, மரத்தைவிடச் சீக்கிரம் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிஸ்கட் மாவை அதன்மேல் தேய்த்தால் வெண்ணெய் சட்டென்று இளகாது. கிண்ணத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர்த் தட்டு வைத்துக் க்ரீம் அடித்தால் அதற்காகப் படுக்கையறைக்கு ஓட வேண்டியதும் இல்லை.

ஓசூர்_கார்த்தி

இந்தச் சண்டைக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹூசியர் கேபினட் என்று ஒரு அலமாரி செய்து விற்றார்கள். அப்போது அங்கே வீடுகளில் சுவரோடு சேர்ந்த அலமாரிகள் கிடையாது. இந்த ஒரே அலமாரிக்குள் மாவுக்கு ஒரு பெரிய தொட்டி, அதன் அடியிலேயே சல்லடை, சர்க்கரைக்கும் மசாலாவுக்கும் ஜாடிகள், நடுவில் வெளியே இழுத்தால் வேலை செய்யும் பலகை. நின்ற இடத்திலிருந்து நகராமல் பிரெட் மாவு தயாராகும். எனக்கு அதில் பிடித்தது அந்த இழுக்கும் பலகைதான். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளினால் இடம் திரும்பக் கிடைத்துவிடும்.

தாரா, உங்கள் கார்பெண்டரிடம் மேடைக்குக் கீழே 28, 30 அங்குல உயரத்தில் ஒரு இழுக்கும் பலகை கேட்டுப் பாருங்கள். பாரம் தாங்கும் சேனல் (பலகை சறுக்கி ஓடும் இரும்புப் பட்டை) போட வேண்டும், பூட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் பிசையும்போது உள்ளே ஓடிவிடும்.

மயிலை_ரகு

கார்த்தி சொல்வதைத்தான் நான் ஏற்றுக்கொள்ள முடியும். ஒரு சின்னத் திருத்தம்: கனமான பிரெட் மாவை அதில் பிசைய வேண்டாம், எந்தச் சேனலும் தினசரி அந்தக் குத்தைத் தாங்குமா என்பது சந்தேகம். தராசு வைக்கவும், பிஸ்கட் வெட்டவும், கேக் அலங்கரிக்கவும் சரி.

30 அங்குல மேடைக்கு நான் இன்னும் எதிர்ப்புதான், நித்யா. தாரா வீட்டில் தாராவை விட உயரமானவர்களும் காய் நறுக்குவார்கள். குனிந்து குனிந்து முதுகு போகும்.

நெல்லை_உமா

கிரைண்டரை யாரும் குறையாகப் பார்க்காதீர்கள். தாழ்ந்த மேடையில் கிரைண்டர் வைப்பதுதான் வசதி, கல்லைத் தூக்கி மாவை வழித்து எடுக்கும்போது தோள் வலிக்காது. மேடையின் ஒரு ஓரம் கிரைண்டருக்கு, மீதி பேக்கிங்குக்கு என்று வைத்தால் தினமும் பயன்படும். மாவு அரைக்கும் நேரமும் கேக் செய்யும் நேரமும் ஒன்றாக வராது.

மைதாவை இழுப்பறையில் அப்படியே கொட்டி வைக்காதீர்கள் தாரா, நம் ஊர் வெப்பத்தில் வண்டு வந்துவிடும். வாங்கி வந்ததும் பாக்கெட்டோடு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள், முட்டை இருந்தாலும் செத்துவிடும். குளிர் விட்டு ஈரம் போன பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள். ஈஸ்டைப் பிரித்துவிட்டால் அது எப்போதும் ஃப்ரீசரில்தான்.

மயிலை_ரகு

அரிசி மாவுத் தண்ணீர் தெறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மைதாவும் கோகோவுமா? கிரைண்டர் கழுவும் தண்ணீர் கீழ் இழுப்பறைக்குள் இறங்கினால் பிளைவுட் ஊறிப்போகும்.

நெல்லை_உமா

கல்லின் விளிம்பில் கொஞ்சம் உயர்த்தி ஒரு வரம்பு வைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது தம்பி. கிரானைட் போடுகிறவர்கள் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

கோவை_நித்யா

ஒன்று விட்டுப்போயிற்று. இன்றைக்கு வீட்டுக்கு மட்டும் என்கிறீர்கள் தாரா. உங்கள் கேக் நன்றாக இருந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், பிறந்தநாளுக்குப் பணம் கொடுத்து வாங்க வருவார்கள். வீட்டிலிருந்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். சுத்தமாக, தனியாக ஒரு இடம் இருந்தால் அன்றைக்குப் புதிதாக எதையும் உடைக்க வேண்டியிருக்காது.

தாம்பரம்_தாரா

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து இதை வாசித்துப் பேசினோம். தனி லைன், 16 ஆம்ப் பாயிண்ட் இரண்டும் உறுதி. நான்கு அடி மூன்றாகக் குறைகிறது. உமா அக்கா சொன்னபடி கிரைண்டர் அதே பக்கத்து ஓரத்தில் இருக்கும், வரம்போடு. உயரத்தில்தான் இன்னும் முடிவு வரவில்லை. எனக்கு 30 கையோடு பொருந்துகிறது, என் கணவருக்கு அது மிகவும் தாழ்வு. கொத்தனார் வரும் வரைக்கும் டைனிங் டேபிளில் காய் நறுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மயிலை_ரகு

ஒரு வாரமாவது அவரையே நறுக்கச் சொல்லுங்கள். முதுகு வலிக்கிறது என்றால் 32-க்குக் கீழே போகாதீர்கள்.

கோவை_நித்யா

யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர்கள் உயரத்துக்குப் போடுங்கள் தாரா. நான் 30-இல் இருந்து இறங்க மாட்டேன்.

மதுரை_மின்பணி

மேடம், உயரம் முடிவாகாமல் எலக்ட்ரீஷியனை வரச்சொல்லாதீர்கள். பிளக் பாயிண்ட் மேடைக்கு மேலே எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் சுவரை வெட்டுவோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பைப் போட்டாக வேண்டும். பூசுவதற்கு முன் அந்தச் சுவரை டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு அலமாரி மாட்ட ட்ரில் போடும்போது கம்பி எங்கே போகிறது என்று தெரியும்.