மாலரின் ஒன்பதாவது சிம்பொனி: 1938 ஒலிப்பதிவில் அப்படி என்ன இருக்கிறது?

பின்வரிசை ரசிகர் (கேள்வி)

வணக்கம். இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாவது சிம்பொனி, நான்கு பகுதிகள் கொண்டது, எனக்கு அறிமுகமானது நடத்துநர் கராயன் வழியாக. 1982-ல் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையில் நடத்தியபோது எடுத்த பதிவு. கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் வயலின்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எழும் இடம் வந்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டது. வேறொருவர் இதே இசையை எப்படிப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

யாரைக் கேட்டாலும் நடத்துநர் புரூனோ வால்டரின் 1938 பதிவைத்தான் சொல்கிறார்கள். ஹெட்போனில் போட்டுப் பார்த்தேன். ஒரே இரைச்சல், நடுநடுவே இருமல், வயலின்கள் மெலிந்து கேட்கின்றன. முதல் பகுதி பாதி போவதற்குள் நிறுத்திவிட்டேன். போதாததற்கு, கராயனிடம் 26 நிமிடத்துக்கு மேல் ஓடும் கடைசிப் பகுதி வால்டரிடம் சுமார் 18 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. விடைபெறுவது போன்ற இசையை இவ்வளவு வேகமாக வாசிக்கலாமா? வரலாற்றுக்காகப் புகழ்கிறார்களா, இல்லை இசையாகவும் அதில் ஏதாவது இருக்கிறதா? வேறு எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

இரண்டாம் வயலின்

இசையாகவே இருக்கிறது. எனக்கு இருக்கும் மாலர் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

முதலில் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். பழைய மோனோ பதிவை, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலியை, ஹெட்போனில் கேட்டால் இசையும் இரைச்சலும் ஒரே புள்ளியில், தலைக்குள்ளேயே நிற்கும். ஸ்பீக்கரில் போட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் இரைச்சல் பின்னால் போய்விடும். பத்து நிமிடத்தில் காது அதை விட்டுவிடும். அப்புறம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இரைச்சலை ஒரேயடியாக வழித்தெடுத்த பதிப்புகளில் ஹார்ப்பின் மீட்டலும் வயலினின் மேல் ஒலிகளும் சேர்ந்து போய்விடுகின்றன. இரைச்சல் கொஞ்சம் மீதி இருப்பதே நல்ல பதிப்பு.

வரலாறு தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாசிப்பிலேயே அது கேட்கிறது. மாலர் 1911-ல் இறந்தார். இந்த சிம்பொனியை அவர் காதால் கேட்கவே இல்லை. ஒத்திகையில் கேட்டுக் கேட்டுத் திருத்துகிற மனிதர். இதற்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1912-ல் வியன்னாவில் முதன்முதலாக இதை அரங்கேற்றியவர் அவரிடம் உதவியாளராக இருந்த வால்டர். அதே வால்டர், அதே வியன்னா பில்ஹார்மோனிக்கோடு 1938 ஜனவரி 16 அன்று முசிக்ஃபெராய்ன் அரங்கில் நடத்தியதுதான் இந்தப் பதிவு. முதல் வயலினில் ஆர்னோல்ட் ரோசே: மாலரின் தங்கை கணவர், 1881 முதல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமை வயலின், அப்போது வயது 74. மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது. யூதரான வால்டர் வியன்னாவில் இனி நடத்த முடியாது என்றாயிற்று. ரோசே லண்டனுக்குப் போய் 1946-ல் அங்கேயே இறந்தார்.

இது எதுவும் தெரியாமல் கேட்டாலும் முதல் பகுதியின் கடைசி சில நிமிடங்கள் யாரையும் பிடித்து நிறுத்தும். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா கலைந்து, ஒரு புல்லாங்குழல், ஒரு ஹார்ன், ஒரு தனி வயலின் என்று மிஞ்சும் இடம். அந்தத் தனி வயலினைக் கேளுங்கள். இன்றைய வாசிப்பில் இருக்கும் தொடர்ந்த அதிர்வு அதில் இல்லை. நேராக, கிட்டத்தட்ட வெறுமையாக ஒரு சுரம். அங்கிருந்து ஜாருவாக வழுக்கி அடுத்த சுரம். வழுக்கலும் அலங்காரத்துக்காக இல்லை, பேச்சில் குரல் இறங்குவதைப் போல. இப்போது வாசிக்கிறவர்கள் இதைவிடச் சுத்தமாக வாசிக்கிறார்கள். ஆனால் இந்தத் தொனி வேறு எந்தப் பதிவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி வேகம். கடைசிப் பகுதியின் மெட்டில் ஒரு சிறு சுழிப்பு வந்துகொண்டே இருக்கும்: ஒரு சுரத்தின் மேலேயும் கீழேயும் தொட்டுத் திரும்புகிற அசைவு. முழுப் பகுதியும் அதன் மேல்தான் நிற்கிறது. இதை மாலர் திடீரென்று கொண்டுவரவில்லை. மூன்றாம் பகுதியின் அமளிக்கு நடுவே சட்டென்று எல்லாம் அடங்கி, ஒரு டிரம்பெட் அதே சுழிப்பை முதலில் வாசித்துக் காட்டும். பிறகு கிளாரினெட் அதையே கோணலாக்கிக் கேலி செய்யும். கேலிக்கு ஆளான அந்தச் சின்ன அசைவுதான் அடுத்த பகுதியில் முழு மனதோடு திரும்பி வருகிறது. வால்டரின் வேகத்தில் அது ஒரே மூச்சில் பாடுகிற அசைவாக இருக்கிறது, அதனால் ‘அட, அதே டிரம்பெட்’ என்று காது உடனே பிடித்துக்கொள்கிறது. ரொம்ப மெதுவாக எடுத்தால் நான்கைந்து தனித்தனி சுரங்களாகிவிடும். 18 நிமிடத்தில் அவசரம் இல்லை. வாக்கியம் உடையாமல் முழுசாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. முதல் பகுதியின் உச்சத்தில் ட்ராம்போன்கள் முழு பலத்தோடு நுழையும் இடத்தை அன்றைய கருவிகளால் தாங்க முடியவில்லை, ஒலி நெரிசலாகிவிடுகிறது. அடுத்து வரும் மணியோசையும் மங்கல். மூன்றாம் பகுதியில் வாசிப்பே சில இடங்களில் தடுமாறுகிறது; இந்த இசைக்கு அப்போது யாருடைய விரலும் பழகியிருக்கவில்லை. எனக்கு அந்தப் பதற்றம் பிடிக்கும், பிடிக்காதவர்களும் உண்டு.

முதல் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்றாம் பகுதியில் அந்த டிரம்பெட் வரும் இடத்திலிருந்து போட்டுக் கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள்.

பாஸூன் பக்கம்

1938 பதிவை நானும் மதிக்கிறேன். ஆனால் கராயனிலிருந்து வருகிறவருக்கு அடுத்த படி நடத்துநர் பார்பிரோலி என்பேன். 1963-ல் பெர்லினுக்கு விருந்தினராக வந்து இந்த சிம்பொனியை நடத்தினார். வாசித்தவர்களுக்கே அது பிடித்துப்போய், இவரோடு பதிவு செய்ய வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். 1964 ஜனவரியில் டாலெம் பகுதியில் உள்ள ஏசு கிறிஸ்து தேவாலயத்தில் எடுத்தார்கள். நல்ல ஸ்டீரியோ. உங்களுக்குப் பழகிய அதே ஆர்க்கெஸ்ட்ராதான், ஆனால் கராயனின் பளபளப்பு இல்லாமல், செல்லோக்கள் தொண்டையிலிருந்து பாடுகிற மாதிரி. வேகமும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இரண்டாம் பகுதியின் கிராமிய நடனத்தில் கால் தரையில் அழுந்துவது கேட்கும். அந்த இடத்தைப் பலர் சும்மா தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நீள்மூச்சு

மெதுவாக எடுத்தால் வாக்கியம் உடையும் என்பதை நான் ஏற்கவில்லை. பெர்ன்ஸ்டைன் 1985-ல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபவ் ஆர்க்கெஸ்ட்ராவோடு எடுத்ததில் கடைசிப் பகுதி ஏறக்குறைய அரை மணி நேரம். பெருக்கெடுத்த மெட்டுக்குப் பிறகு, எல்லாம் நின்று, மிக உயரத்தில் வயலின்களும் மிக ஆழத்தில் இன்னொரு குரலும் மட்டும் மிஞ்சும் இடம் இருக்கிறதே, நடுவில் ஒன்றுமே இல்லாமல்? உணர்ச்சி காட்டாமல் வாசிக்கச் சொல்கிறார் மாலர். வால்டரிடம் அது ஓர் இடைவெளி, அவ்வளவுதான், கடந்து போய்விடுகிறோம். பெர்ன்ஸ்டைனிடம் அந்த வெறுமைக்குள் நாமே நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும்.

அவர் 1979-ல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு நடத்தியதும் கிடைக்கிறது. அவர்களோடு அவர் மேடையேறியது அந்த ஒரு சமயம் மட்டும்தான். கடைசிப் பகுதியின் உச்சத்தில் ட்ராம்போன்கள் நுழையவே இல்லை. அப்படியிருந்தும் வாசிப்பில் இருக்கும் கொதிப்புக்காக அதைத் தேடிப் போகிறேன். முதல் முறை கேட்கிறவருக்கு மட்டும் 1985.

இரண்டாம் வயலின்

அந்த வெறுமையான இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அங்கே பெர்ன்ஸ்டைன் பெரியவர். ஆனால் கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். வயலின்களுக்கு ஒலியடக்கி போட்டாகிவிட்டது. முதல் வயலின்கள், இறந்த குழந்தைகளைப் பற்றி மாலரே முன்பு அமைத்த பாடல்களிலிருந்து ஒரு வரியை மெல்ல எடுக்கின்றன. குழந்தைகள் போயிருக்கும் அந்த உயரத்தில் பகல் அழகாக இருக்கிறது என்று முடியும் பாட்டு. அது பாட்டாகக் கேட்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பெர்ன்ஸ்டைனிடம் அங்கே ஒவ்வொரு சுரமும் தனி உலகம், அழகுதான், ஆனால் பாட்டு எனக்குக் கைநழுவிப் போகிறது. வால்டரிடம் யாரோ வாய்க்குள் முணுமுணுப்பது போலவே இருக்கிறது.

பார்பிரோலி நல்ல யோசனை. கூடவே கிளெம்பரரையும் சேர்க்கிறேன், 1967, நியூ ஃபில்ஹார்மோனியா. ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின்கள் முதல், இரண்டாம் என்று இரண்டு கூட்டம்; அவர் இரண்டாம் வயலின்களை வலப்பக்கம் உட்கார வைப்பவர். சிம்பொனியின் முதல் மெட்டையே மாலர் இரண்டாம் வயலின்களிடம்தான் கொடுத்திருக்கிறார். இரண்டு கூட்டமும் இடப்பக்கமே இருக்கும் பதிவுகளில் இது தெரியாமலே போகும். கிளெம்பரரிடம் மெட்டு வலப்பக்கம் தொடங்கி, முதல் வயலின்கள் இடப்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துகொள்வது அப்படியே கேட்கும். மோனோவில் வால்டரால் தர முடியாதது அது.

பின்வரிசை ரசிகர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்பீக்கரில், டிரம்பெட் வரும் இடத்திலிருந்து போட்டேன். இரைச்சல் போகவில்லை, ஆனால் தொந்தரவாகவும் இல்லை. கடைசிப் பகுதி ஆரம்பித்ததும் அந்தச் சுழிப்பு அடையாளம் தெரிந்தது. கராயனிடம் இத்தனை முறை கேட்டும் இந்த இரண்டு இடத்தையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. முடிவு மட்டும் இன்னும் சீக்கிரம் வந்துவிட்டதாகவே படுகிறது. என் காதுக்குக் கராயனின் நீளம் பழகிவிட்டது. அடுத்து பார்பிரோலி, பிறகு கிளெம்பரர். ஒரு சந்தேகம்: வால்டர் பின்னால் ஸ்டீரியோவிலும் எடுத்திருக்கிறாராமே, அதையே கேட்டால் போதாதா?

இரண்டாம் வயலின்

1961, கொலம்பியா சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. ஒலி தெளிவு, வேகம் கணிசமாகக் குறைவு, முழு சிம்பொனியும் பத்து நிமிடம் போல நீண்டிருக்கும். எண்பதைத் தாண்டியவரின் நிதானம். அதையும் நான் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. 1938-ல் இருக்கும் அந்தப் பதற்றத்துக்கு அங்கே இடமில்லை. பார்பிரோலி கேட்டுவிட்டு இரண்டாம் பகுதி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.