பாஸ் போனால் லைன்பேக்கர் தலையில் மட்டும் ஏன் பழி? அவருக்கு யார்தான் உதவுகிறார்கள்?

தண்டையார்பேட்டை 54

அண்ணன்மார்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பார்க்க ஆரம்பித்து மூன்று சீசன் ஆகிறது. ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு முதல் ஆட்டம். நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதுவே பதினொன்றரை ஆகிவிடும். அம்மா தூங்கியதும் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன்.

எனக்குப் பிடித்த இடம் லைன்பேக்கர், தடுக்கும் அணியில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் நிற்பவர். ஆனால் பார்க்கப் பார்க்க வயிறெரிகிறது. மூன்றாவது டவுன் (பத்து யார்டு நகரக் கிடைக்கும் நாலு முயற்சியில் மூன்றாவது), இன்னும் ஏழு யார்டு வேண்டும் என்றால் பந்து நேராக அவர் பக்கம்தான் போகிறது. ஒரு பக்கம் பாஸ் பிடிக்க வரும் ஆறரை அடி உயர டைட் எண்ட், இன்னொரு பக்கம் பந்தை வாங்கி அணில் மாதிரி ஓடும் ரன்னிங் பேக். நடுவில் நூற்றைந்து கிலோ ஆள், ஓடி வருபவனை இடித்துச் சாய்க்கவே வளர்த்த உடம்பு. அவர் எப்படித் துரத்துவார்? வர்ணனைக்காரரும் ஒவ்வொரு முறையும் 'லைன்பேக்கர் கோட்டை விட்டார்' என்று முடித்துவிடுகிறார்.

இது சொந்தக் கதையும்கூட. சனிக்கிழமை காலையில் நாங்கள் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறோம், அதாவது இடிக்காமல் இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்கி நிறுத்தும் ஆட்டம், பக்கத்துக்கு ஐந்து பேர். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் அது இருக்கிறது என்று தெரிந்ததிலிருந்து பையன்களுக்கு வெறி. நடுவில் நிற்பது நான். போன வாரம் மூன்று டச்டவுன், மூன்றும் என் முதுகுக்குப் பின்னால். எல்லோரும் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தார்கள். ஆளைப் பார்த்தால் பந்து போகிறது, பந்தைப் பார்த்தால் ஆள் போகிறான். பெரிய அணிகள் இதற்கு என்ன செய்கின்றன?

கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டிருக்கிறார்கள், கூட்ஸ் வண்டி வருகிறது, அதனால் நிதானமாகவே எழுதுகிறேன். முதல் உதவி, லைன்பேக்கரை வெளியே உட்கார வைப்பது! மூன்று லைன்பேக்கர், பாஸைத் தடுக்கப் பின்னால் நிற்கும் நான்கு பின்வரிசைக்காரர்கள் என்பது பழைய கணக்கு. இப்போது ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்வரிசைக்காரரை இறக்குகிறார்கள். அதுதான் நிக்கல். ஆறு பேர் என்றால் டைம் (dime). இன்று என்எஃப்எல் என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில், பந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையையும் எண்ணினால், பாதிக்கும் மேல் நிக்கல்தான் நிற்கிறது. மிஞ்சியிருக்கும் இரண்டு லைன்பேக்கர்களுக்கு என்ன உதவி என்பதை ஸ்டாப்பர் அண்ணன் வந்து சொல்லட்டும். வண்டி வந்துவிட்டது.

பழைய ஸ்டாப்பர், வியாசை

தம்பி 54, நான் வியாசர்பாடியில் இருபது வருஷம் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர், ஆடியவன். நம்ம உருண்டைப் பந்துதான். முட்டி போன பிறகு வீட்டில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அதனால் என் கண்ணுக்கு எல்லாமே ஸ்டாப்பர் கணக்காகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்.

ஒரு லைன்பேக்கர் தனியாக ஓடித் தோற்பதைப் பார்த்தால் நான் அவரைப் பார்ப்பதில்லை. அவருக்குக் கைகொடுக்க வேண்டிய ஆள் எங்கே நிற்கிறான் என்று தேடுவேன்.

எங்கள் டீமில் ஒரு ரைட் பேக் இருந்தான். நல்ல உடம்பு, ஓட்டம் சுத்தமாகக் கிடையாது. எதிர் டீமில் காசிமேட்டுப் பையன் ஒருவன், விங்கில் பறப்பான். முதல் பாதியில் நம் ஆள் நாலு தடவை ஏமாந்தான். இடைவேளையில் அவனிடம் சொன்னேன்: 'நீ கோட்டுப் பக்கம் நில்லு. வெளியே மட்டும் விடாதே. உள்ளே வந்தால் வரட்டும், உள்ளே நான் இருக்கிறேன்.' இரண்டாம் பாதியில் அந்தப் பையன் உள்ளே வெட்டி வெட்டி என் காலிலேயே வந்து விழுந்தான். ரைட் பேக் ஓட்டம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. பாதி வேலையை அவனிடமிருந்து எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

என்எஃப்எல் லைன்பேக்கருக்கும் முதல் பாடம் இதுதான். உதவி எந்தப் பக்கமோ, அதற்கு எதிர்ப்பக்கம் நில். கவர் 1 ஆடுகிறார்கள் என்று வை. ஆளுக்கு ஆள் பிடிக்கிறார்கள், பின்னால் ஆழத்தில் கடைசிக் காவலாக ஒரே ஒரு சேஃப்டி. பெரும்பாலும் நடுவில் ஒரு ஆளைச் சும்மா விட்டிருப்பார்கள். அவனுக்கு 'ராட்' என்று பேர், எலிதான். பந்து போடுபவனின் கண்ணைப் பார்த்தபடி பதுங்கி நிற்பான். ரன்னிங் பேக்கைப் பிடிக்கும் லைன்பேக்கர் வெளிப்பக்கம் நின்று உள்ளே தள்ளினால், ஓடி வருபவன் எலி வாயில் விழுவான். ஆசைப்பட்டு உள்ளே எட்டிப் பார்த்தாரோ, வெளியே இருபது யார்டு காலி. டிவியில் எலி தெரியாது. லைன்பேக்கர் முதுகுதான் தெரியும்.

அடுத்தது கேரம் போர்டில் காட்டினால்தான் எனக்குச் சொல்ல வரும். உன் வீட்டில் கட்டாயம் இருக்கும், எடு. கறுப்புக் காய் ஒன்பது, சிவப்பு ஒன்று, ஒரு சோடா மூடி. மொத்தம் பதினொன்று, இது தடுக்கும் அணி. சிவப்புதான் உன் நடு லைன்பேக்கர். மூடி ஆழத்து சேஃப்டி. எதிரே வெள்ளை ஒன்பது, ஸ்ட்ரைக்கர்தான் பந்து போடும் குவார்ட்டர்பேக், குறைகிற ஒன்றுக்குச் சட்டைப் பட்டன் வைத்துக்கொள்.

முதலில் முன்வரிசையைப் பார். சிவப்புக்கு முதல் உதவி அங்கேதான். டைட் எண்ட் கிளம்பும்போதே ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்ட் அவன் தோளில் ஒரு இடி கொடுத்துவிட்டுத்தான் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் போவான். முதல் ஐந்து யார்டுக்குள் இடிக்கலாம். அதைத் தாண்டி இடித்தால் ஐந்து யார்டு அபராதம், கூடவே எதிரிக்குத் தானாகவே முதல் டவுன். 1978-ல் இறுக்கிய விதி இது. ஒரு இடியில் அரை விநாடி போகும். பந்து கையை விட்டுப் போக மொத்தமே இரண்டரை, மூன்று விநாடிதான் என்றால் அந்த அரை விநாடி எவ்வளவு பெரியது பார்.

நடுவில் நிற்கும் இரண்டு குண்டு டேக்கிள்களும் உதவிதான். அவர்கள் தலா இரண்டு பேரைக் கட்டிப் போட்டுக்கொண்டால் ஓட்டத்தைத் தடுக்கச் சிவப்பு அவசரப்பட்டு முன்னே பாய வேண்டியதில்லை. பிளே ஆக்‌ஷனில் லைன்பேக்கர் ஏமாறுவது ஏன் என்று நினைக்கிறாய்? குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுப்பது போலக் காட்டுகிறான், இவர் இரண்டு அடி முன்னே வைக்கிறார், டைட் எண்ட் அந்த முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறான். முன்வரிசை மேல் நம்பிக்கை இருப்பவர் அந்த இரண்டு அடியை வைக்க மாட்டார். எதிரே நிற்கும் கார்டின் (guard, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஆள்) ஹெல்மெட்டைப் பார்ப்பார். தாழ்ந்து பாய்ந்தால் ஓட்டம், நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ். பாஸ் என்றால் அந்த கார்டு ஒரு யார்டுக்கு மேல் முன்னே வரக் கூடாது என்பது விதி. அதனால் சாட்சி ஓரளவு நம்பத்தக்கது. ஓரளவுதான்.

இப்போது ஸோன், அதாவது ஆளை விட்டு ஆளுக்கொரு இடத்தைக் காப்பது. மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். கவர் 3-ல் மூன்று பேர் ஆழத்தில், நான்கு பேர் கீழே. கீழே நிற்பவனுக்குத் தலைக்கு 13 யார்டு. கவர் 2-ல் இன்னொரு கறுப்பையும் மூடிக்குத் துணையாகப் பின்னால் தள்ளு. ஆழத்தில் இரண்டு, கீழே ஐந்து. தலைக்குப் பத்தரை யார்டு சொச்சம்தான். கீழே ஒரு ஆள் கூடியதில் சிவப்புக்கு எத்தனை மூச்சு மிச்சம் பார்! ஆனால் ஆழத்தின் நட்ட நடுவில் ஓட்டை விழுகிறது. அதை அடைக்கத்தான் டாம்பா 2. நடு லைன்பேக்கரே திரும்பி ஓடி இரண்டு சேஃப்டிக்கும் நடுவில் போய் நிற்பார். 1970-களில் பிட்ஸ்பர்க்கில் இருந்த யோசனை, பயிற்சியாளர்கள் டோனி டங்கியும் மான்டி கிஃபினும் டாம்பா அணியில் வளர்த்தார்கள். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், 2003 ஜனவரியில், டாம்பா அணி ஐந்து பாஸ்களைப் பறித்து 48-21 என்று ஜெயித்தது. லைன்பேக்கர் டெரிக் புரூக்ஸ் ஒன்றைப் பிடித்து 44 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். லைன்பேக்கரால் பாஸ் தடுக்க முடியாது என்பவர்களுக்கு நான் அந்த வீடியோத் துண்டைத்தான் அனுப்புவேன்.

இன்னும் ஒன்று, கைமாற்றம். பாஸ் பிடிக்க ஓடும் இரண்டு ரிசீவர்கள் குறுக்கே ஓடினால் நீயும் குறுக்கே ஓடி உன் ஆளோடு மோதிக்கொள்ளாதே. உள்ளே வருபவன் உனக்கு, வெளியே போகிறவன் எனக்கு. இதை வாய் விட்டுக் கத்த வேண்டும். கத்தாதவன் எத்தனை வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

காசிமேடு கட்டுமரம்

ஸ்டாப்பர் அண்ணா, எல்லாம் சரி, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குவார்ட்டர்பேக்கைத் தொட ஆள் இல்லை என்றால் உங்கள் எலி, மூடி, பட்டன் எதுவும் நிற்காது. 2017 பிப்ரவரி சூப்பர் பவுல் ஞாபகம் இருக்கிறதா? அட்லான்டா 28-3 என்று முன்னே. நமக்குத் திங்கள் விடியற்காலை. நான் டிவியை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் கதையே மாறியிருக்கிறது. நியூ இங்கிலாந்து மொத்தம் 93 தடவை பந்தைக் கிளப்பி ஆடியது. ரன்னிங் பேக் ஜேம்ஸ் வைட் மட்டும் 14 பந்து பிடித்தார், 110 யார்டு. 34-28 என்று நியூ இங்கிலாந்து ஜெயித்தது. அட்லான்டாவின் முன்வரிசை களைத்துப்போனது, அப்புறம் லைன்பேக்கர்கள் அநாதை.

பழைய ஸ்டாப்பர், வியாசை

கட்டுமரம், நீ சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் நாலு பேரால் நெருக்க முடியாத நாளில் கோச் என்ன செய்வார்? ஐந்தாவது ஆளை அனுப்பினால் பின்னால் ஒரு ஆள் குறையும். பயிற்சியாளர் டிக் லெபோ அதற்குத்தான் ஸோன் பிளிட்ஸை வளர்த்தெடுத்தார். ஒரு பக்கம் லைன்பேக்கர் பாய்வார், மறுபக்கம் ஒரு முன்வரிசைக் குண்டன் பின்வாங்கி, பாஸ் வரும் வழியில் கையை விரித்து நிற்பான். அந்தக் குண்டனுக்கு ஓடத் தெரிய வேண்டாம். அவசரத்தில் பந்து போடுகிறவன் வழக்கமாகப் பார்க்கும் ஜன்னலில் ஒரு கதவு நின்றால் போதும்.

பாயவும் நேரம் பார்க்கலாம். தன் பொறுப்பில் இருக்கும் ரன்னிங் பேக் பாஸ் பிடிக்கக் கிளம்பாமல், குவார்ட்டர்பேக்கைக் காக்க அங்கேயே நின்றுவிட்டால், லைன்பேக்கருக்குப் பிடிக்க ஆளே இல்லை. உடனே குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்துவிடலாம். அதற்குப் பேர் கிரீன் டாக்.

தண்டையார்பேட்டை 54

அண்ணா, ராத்திரி கேரம் போர்டை எடுத்து அடுக்கினேன். பவுடரில் காய் வழுக்கி சேஃப்டி இரண்டு தடவை பாக்கெட்டில் விழுந்துவிட்டார். புரிந்தது. ஆனால் ஃப்ளாக்கில் இடிக்கவே கூடாது, குண்டு டேக்கிளும் கிடையாது. எனக்கு என்ன மிச்சம்?

பழைய ஸ்டாப்பர், வியாசை

மைதானம் 25 யார்டு அகலம்தானே? நெருக்க ஓடுகிறவன் ஏழு யார்டு தள்ளி நின்று கிளம்புவான், மிச்சம் நாலு பேர். இடி போனது, டேக்கிள் போனார்கள். நிற்கும் பக்கமும் கத்தலும் உன்னிடமே இருக்கின்றன. பின்னால் நிற்பவனிடம் ஆட்டத்துக்கு முன்பே கேள்: நீ எந்தப் பக்கம் இருப்பாய்? அவன் இடது என்றால் நீ வலப்பக்கத்தை மூடு, முதுகுக்குப் பின்னால் போகிறவனை 'உனக்கு' என்று கத்தி ஒப்படை. ஒப்படைத்த பிறகு திரும்பிப் பார்க்காதே, அடுத்தவன் வருவான். போன வாரம் மூன்று தடவையும் உன் பின்னால் இருந்தவன் என்ன செய்துகொண்டிருந்தான்? அதை நீ எழுதவே இல்லையே.

தண்டையார்பேட்டை 54

சனிக்கிழமை ஆடி முடித்து, நேராக டீக்கடையிலிருந்து எழுதுகிறேன். மூன்றுக்குப் பதில் ஒன்று. அதுவும் நான் 'உனக்கு, உனக்கு' என்று தொண்டை கிழியக் கத்திய பிறகு போனது. விட்டவன் பேரை எழுத மாட்டேன், பக்கத்தில் உட்கார்ந்து என் பஜ்ஜியைத்தான் தின்றுகொண்டிருக்கிறான்.