எட் ஃப்ரீமன் பற்றிச் சுற்றும் மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எட் ஃப்ரீமன் என்ற அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர் விமானியைப் பற்றிய மடல் ஒன்று பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. அதைப் படித்தால் அவர் போன வாரம்தான் இறந்தார் என்று தோன்றும். அவர் காலமானது 2008 ஆகஸ்ட் 20-இல். ஆனால் அவர் செய்த காரியம் சத்தியமாக நடந்தது.

1965 நவம்பர் 14. வியட்நாமில் இயா டிராங் பள்ளத்தாக்கு. 16 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் காலாட்படை வீரர்களை நடை நடையாகக் கொண்டுவந்து, 'எக்ஸ்-ரே' என்று பெயரிட்ட ஒரு வெட்டவெளியில் இறக்கிக்கொண்டிருந்தன. தலைவர் மேஜர் புரூஸ் கிராண்டல். அவருக்கு அடுத்த நிலையில் கேப்டன் ஃப்ரீமன். ஐந்தாவது நடையில் எதிரிகள் சுற்றிலுமிருந்து கடுமையாகச் சுட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த எட்டு ஹெலிகாப்டர்களையும் இறங்க வேண்டாம் என்று தரைப்படைத் தளபதி திருப்பி அனுப்பிவிட்டார். காயம்பட்டவர்களை ஏற்றவேண்டிய மருத்துவ ஹெலிகாப்டர்களும் அந்தச் சூட்டுக்குள் வர மறுத்தன. கீழே இருந்தவர்களிடம் தோட்டா தீரும் நிலை.

காயம்பட்டவர்களை ஏற்றுவது கிராண்டலின் வேலையே இல்லை. இருந்தும் யார் என்னோடு வருகிறீர்கள் என்று கேட்டார். ஃப்ரீமன் கிளம்பினார். இரண்டு ஹெலிகாப்டர்களும் ஆயுதம் இல்லாதவை. போகும்போது தோட்டா, தண்ணீர், மருந்து. வரும்போது அடிபட்ட வீரர்கள். சண்டை நடக்கும் எல்லையிலிருந்து 100, 200 மீட்டருக்குள் இறங்கினார்கள்.

தரையிறங்கும் ஹெலிகாப்டர் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். அடிபட்டவரைத் தூக்கி உள்ளே கிடத்தும்வரை நின்றே ஆகவேண்டும். அந்த நேரம் முழுவதும் விமானி கட்டுப்பாட்டுக் கருவிகளிலிருந்து கையெடுக்காமல் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். முதல் தடவை போகிறவருக்கு அங்கே என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரியாது. இரண்டாவது தடவை தெரியும். ஃப்ரீமன் மீட்புக்காக மட்டும் 14 முறை போனார். என் மனதை விட்டு அகலாதது அந்த எண்ணிக்கைதான். படுகாயம் அடைந்த சுமார் 30 பேரை அவர் வெளியே கொண்டுவந்தார். கிராண்டல் அன்று பறந்தது 22 நடை. இருவருமாகக் காப்பாற்றியவர்கள் ஏறக்குறைய 70 பேர்.

அந்தப் போர் நியாயமா என்பது வேறு பேச்சு. ரத்தம் வழியக் கிடப்பவனிடம் திரும்பத் திரும்பப் போனதைப் பற்றித்தான் நான் சொல்கிறேன்.

இன்னொன்று. ஃப்ரீமனின் உயரம் 6 அடி 4 அங்குலம். இவ்வளவு உயரமானவர் விமானியாக முடியாது என்று முதலில் ராணுவம் அவரை விமானிப் பயிற்சியில் சேர்க்கவில்லை. 1955-இல் உயர வரம்பைத் தளர்த்திய பிறகுதான் பறக்கவே கற்றார். சரி, அந்த விதி மாறாமல் இருந்திருந்தால்? அந்த 30 பேரின் குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் மிக உயரிய ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு 2001 ஜூலையில்தான் கிடைத்தது. 36 வருடம் கழித்து! கிராண்டலுக்கு 2007 பிப்ரவரியில். ஃப்ரீமனுக்கு முதலில் கிடைக்கட்டும் என்று கிராண்டல் தன் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அந்த மடலை நீங்களும் யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், இறந்த தேதியைத் திருத்தி, கிராண்டல் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்.