ஹாப்ஸ்பர்க் மூதாதை: இரண்டு குன்ட்ராமும் ஒரே ஆளா?

சுவடிக்காரன்:
அல்சேஸ்வாசி நேற்று எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 952இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஜெர்மன் மன்னர் முதலாம் ஓட்டோ ராஜதுரோகத்துக்காக நிலம் பறித்தாரே குன்ட்ராம் கோமான், அவர்தான் பின்னாளில் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் மூதாதையாம், இது நிரூபணமானதாம். எங்கே நிரூபணம்? ஹாப்ஸ்பர்க் குடும்பம் நிறுவிய மூரி மடத்துச் சுவடியில் அந்த வம்சத்தின் முன்னோராக இருப்பது 'பணக்காரர் குன்ட்ராம்', அவர் மகன் கன்ட்செலின், பேரன் ராட்போட். அவ்வளவுதான். அதுவும் 1160 வாக்கில் எழுதியது. 952 பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

அல்சேஸ்வாசி:
தன் மடத்தை நிறுவிய குடும்பத்தின் முன்னோரைத் துரோகி என்று எந்தத் துறவி எழுதுவார்? பெயர் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது. ராட்போட்டின் சகோதரர் ருடால்ஃப் மடம் கட்டிய ஓட்மார்ஸ்ஹைம் எங்கே இருக்கிறது? 952 குன்ட்ராமின் நிலம் இருந்த அதே அல்சேஸில்தானே!

சுவடிக்காரன்:
நிலம் கல்யாணத்திலும் வரும், கொடையிலும் வரும். அதை வைத்து இரண்டு பேரை ஒருவராக்க முடியாது. துறவி பயந்து மறைத்தார் என்கிறீர்களே, அதே சுவடியில் வோலன் ஊர்க் கதையைப் படித்தீர்களா? குடியானவர்கள் பாதுகாப்பை நம்பித் தங்கள் நிலத்தைக் குன்ட்ராமிடம் ஒப்படைக்கிறார்கள். அவர் அவர்களையே நசுக்குகிறார். மன்னர் சோலோதுர்ன் ஊருக்கு வந்தபோது முறையிடப் போகிறார்கள், பிரபுக்கள் கூட்டத்தில் அவர்கள் குரல் எடுபடவே இல்லை. இதை எழுதத் துணிந்தவர் 952ஐ ஏன் மறைக்க வேண்டும்?

அல்சேஸ்வாசி:
சரி, வோலன் குன்ட்ராமும் 'பணக்காரர்' குன்ட்ராமும் ஒருவர்தான் என்று உங்களுக்கு மட்டும் யார் சொன்னது? உங்களுக்கு வேண்டியபோது பெயர் ஒற்றுமை போதும், நான் சொன்னால் போதாது. பாபன்பெர்க் வம்சம் பற்றிய இழையிலும் இதைத்தான் செய்தீர்கள்.

சுவடிக்காரன்:
பாபன்பெர்க் இழையை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனது நீங்கள். இரண்டு குன்ட்ராமும் ஒருவர் என்பதற்கு ஆதாரம் கேட்டேன், இன்னும் வரவில்லை.

கோட்டைவாசல்:
நண்பர்களே, ஹாப்ஸ்பர்க் கோட்டை இருப்பது ஆர்கௌவில், இன்றைய சுவிட்சர்லாந்தில். 1415இல் சுவிஸ் நகரமான பெர்னின் ஆட்கள் அந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியிருக்க இதை ஜெர்மன் வம்சம் என்று ஏன் எல்லோரும் எழுதுகிறீர்கள்?

சுவடிக்காரன்:
அப்போது சுவிட்சர்லாந்து என்று ஒரு நாடு ஏது? 1273இல் இந்த வம்சத்தில் பின்னால் வந்த இன்னொரு ருடால்ஃபை ஜெர்மன் மன்னராகத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? ஜெர்மன் இளவரசர்கள். தெரியாத விஷயத்தில் தலையிட வேண்டாம்.

கோட்டைவாசல்:
தெரியாதவன் என்று சொல்ல நீங்கள் யார்? மூரி மடத்தை நிறுவியது ஆயர் வெர்னர் என்று போன வாரம் அடித்துச் சொன்னவர் நீங்கள்தானே? அப்படிச் சொல்லும் 1027 பட்டயமே பிற்காலப் போலி.

சுவடிக்காரன்:
வெர்னர் கதை வேறு, அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே கேள்வி குன்ட்ராம். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே காலம் என்று கோர்த்துக்கொண்டே போனால் ஹாப்ஸ்பர்க் பேரரசர் மாக்சிமிலியனுக்காக வம்சாவளி எழுதிய யாக்கோப் மென்னல் கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் நகரத்து வீரன் ஹெக்டர் வரை இந்த வம்சத்தை இழுத்துக்கொண்டு போனாரே, அங்கேதான் போய் நிற்போம்.

அல்சேஸ்வாசி:
ஹெக்டரையும் குன்ட்ராமையும் ஒரே தட்டில் வைக்கிறவரோடு என்ன பேசுவது? நிலம் பறிபோன பிறகும் சொந்தச் சொத்து மிஞ்சியிருக்கக் கூடாதா? அதைத்தான் பேரன்கள் ஆண்டார்கள்.

சுவடிக்காரன்:
மிஞ்சியிருக்கலாம். 'இருக்கலாம்' ஆதாரம் ஆகாது. இருவரும் ஒருவர் என்று சொல்லும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்றைக் காட்டுங்கள்.

அல்சேஸ்வாசி:
இருவரும் வேறு என்று சொல்லும் ஆவணத்தை முதலில் நீங்கள் காட்டுங்கள்.