காபுரேற்றர் மாற்றினேன், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது – அவசரம்

வேன்வாசி | செவ்வாய், இரவு 10.40
வணக்கம். பழைய கேம்பர் வேன். காபுரேற்றரை மாற்றினேன். கையோடு இஞ்சின் பக்கம் பொரிந்துபோய்க் கிடந்த வயர்களையும் கழற்றிவிட்டுப் புதிது இழுத்தேன். இப்போது ஆக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை ஓடுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கரண்ட் எல்லா இடத்துக்கும் வருகிறது, மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆகவே வயரிங் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை பிள்ளைகளோடு வேல்ஸ் புறப்பட வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பொள்ளாச்சி பீட்டில் | செவ்வாய், இரவு 10.52
என்ன வேன்? எந்த வருடம்? எதைக் கழற்றி எதைப் போட்டீர்கள்? பாயிண்டா (பொறிக்காகக் கரண்டைத் திறந்து மூடும் தொடுமுனை), எலக்ட்ரானிக் இக்னிஷனா? டைனமோவா, ஆல்டர்னேட்டரா? "பழைய கேம்பர் வேன்" என்பதை வைத்து ஜோசியம்கூடச் சொல்ல முடியாது.

காற்றுக்கசிவு | செவ்வாய், இரவு 11.05
மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில், காற்று உறிஞ்சுகிறது. வேறு எதையும் பார்க்க வேண்டாம். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர்களில் பாதிப் பேர் அடியில் இருக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போடுகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிளீனரை இணைப்புகளின் மேல் லேசாக அடியுங்கள். எங்கே அடிக்கும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அடித்துவிடாதீர்கள்.

திருகாணி | செவ்வாய், இரவு 11.31
இதே கேள்விக்கு நான் எழுதிய பதில்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன. தேடிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைத் தொடக்கூடாது என்பது பட்டறையில் எடுபிடிப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். கார்புரேட்டரை மாற்று, ஓட்டிப் பார், பிறகு வயரைத் தொடு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிட்டு "அவசரம்" என்று தலைப்பு வைத்தால் அவசரம் யாருடையது?

வேன்வாசி | புதன், காலை 7.10
மன்னிக்கவும், எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஃபோக்ஸ்வாகன் டி2, 1970. இஞ்சின் 1600. காபுரேற்றர் சோலெக்ஸ் 34 பிக்ட்-3 போட்டிருக்கிறேன்.

டீசல்தாசன் | புதன், காலை 7.44
இதற்குத்தான் நான் டீசல் வாங்கினேன்.

பொள்ளாச்சி பீட்டில் | புதன், காலை 8.02
1970 என்றால் ஒற்றை போர்ட் (பக்கத்துக்கு ஒரே உறிஞ்சு வாய்) எஞ்சின், 30 பிக்ட் கார்புரேட்டர் அல்லவா வர வேண்டும்? 34இன் அடிப்பாகம் அந்த மேனிஃபோல்டில் நேராக உட்காராதே. அடாப்டர் தட்டு போட்டிருக்கிறீர்களா? மற்ற கேள்விகளுக்கும் பதில் வரவில்லை.

சாலையோரம் | புதன், காலை 8.15
இந்த நிலையில் எம்ஓடி (பிரிட்டனின் வருடாந்த வண்டிப் பரிசோதனை) எப்படித் தேறும்?

வேன்வாசி | புதன், பகல் 12.50
40 வயதைத் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி கட்டாயமில்லை, பெரிய மாற்றங்கள் செய்யாதவரை. அதில் சிக்கல் இல்லை.

பொள்ளாச்சி பீட்டில் | புதன், பகல் 1.04
யாரும் கவலைப்படாத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. என் கேள்விகள் அங்கேயே நிற்கின்றன.

வேன்வாசி | புதன், பகல் 1.20
இஞ்சினை முந்தைய உரிமையாளர் எப்போதோ மாற்றியிருக்கிறார். இரட்டை போர்ட். ஏற்கெனவே 34தான் இருந்தது, அது தேய்ந்துபோனதால் அதேபோல் புதிது போட்டேன். டைனமோ. டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பகிர்வது) 009, பாயிண்ட். கேஸ்கெட் எல்லாம் புதிது.

திருகாணி | புதன், பகல் 1.41
009! இப்போதாவது சொன்னீர்களே. இனி இந்த இழையை மூடிவிடலாம். 34 பிக்ட்-3 வாக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்காக, அதாவது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை வைத்துப் பொறி நேரத்தை மாற்றும் வகைக்காக, வடிவமைக்கப்பட்டது. 009இல் சுழற்சி எடைகள் மட்டும்தான், வாக்கும் கிடையாது. இந்த ஜோடி ஒருநாளும் ஒழுங்காக ஓடாது. ஏன் இத்தனை பேர் அதைத் தூக்கி மாட்டுகிறார்கள் என்றால் மலிவு, அவ்வளவுதான்.

பொள்ளாச்சி பீட்டில் | புதன், பகல் 2.10
ஐயா, 009 போட்டால் மிதிக்கும்போது ஒரு நொடி திக்கும், அது உண்மை. ஆனால் காலை எடுத்ததும் எஞ்சின் சாகாது. என்னுடைய பீட்டில் அதே ஜோடியில்தான் வால்பாறை ஏறி இறங்குகிறது. பொறி டைமிங்கை ஐட்லிங்கில் (மிதிக்காமல் ஓடவிட்டு) பார்க்காமல் 3500 சுற்றில் 28 முதல் 32 டிகிரிக்குள் வைத்தால் ஒரு குறையும் இல்லை.

திருகாணி | புதன், பகல் 2.25
"ஓடுகிறது" என்பதும் "சரியாக ஓடுகிறது" என்பதும் ஒன்றா? பாதி மிதியில் வாக்கும் அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டுவது) இல்லாமல் பெட்ரோலை எரித்துக்கொண்டு, எஞ்சினையும் சூடாக்கிக்கொண்டு போகிறீர்கள். பில் வரும்போது தெரியும்.

பொள்ளாச்சி பீட்டில் | புதன், பகல் 2.33
பில் என்னுடையது, உங்களுக்கு ஏன் வயிறு எரிகிறது?

காற்றுக்கசிவு | புதன், பகல் 2.50
இருவரும் அமைதி. இரட்டை போர்ட் மேனிஃபோல்டில் நடுக்குழாயும் பக்கக் குழாய்களும் சேரும் இடத்தில் ரப்பர் உறைகள் உண்டு. அவை வெடித்தால் இதே அறிகுறிதான். கேஸ்கெட் புதிது என்றார், ரப்பரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

டோர்ட்முண்ட் தவம் | புதன், மாலை 5.30
தம்பி, 009ஐயும் ரப்பரையும் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். அந்த காபுரேற்றரின் பக்கவாட்டில் ஐட்லிங் கட்-ஆஃப் வால்வு ஒன்று திருகியிருக்கும், விரல் பருமனில், நுனியில் ஒரு வயர் முனையோடு. அதற்கு 12 வோல்ட் இருந்தால் மட்டுமே உள்ளே ஊசி பின்வாங்கி ஐட்லிங் பெற்றோலுக்கு வழிவிடும். இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன அதே கூத்துதான்: மிதித்தால் ஓடும், விட்டால் சாகும். இஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு, அந்த வயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். "டிக்" என்று கேட்க வேண்டும். கேட்கிறதா?

வேன்வாசி | புதன், இரவு 8.15
ரப்பர் நன்றாக இருக்கிறது, கிளீனர் அடித்தும் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. "டிக்" கேட்கவில்லை. ஆனால் வால்வு பழுதில்லை, பற்றரியிலிருந்து நேராகக் கொடுத்தால் டிக் என்கிறது. அங்கே கரண்டும் வருகிறது, 13 வோல்ட்டுக்கு மேல் மீற்றர் காட்டியது.

டோர்ட்முண்ட் தவம் | புதன், இரவு 8.22
நின்ற இஞ்சினில் 13 வோல்ட் எங்கிருந்து வரும்? நல்ல பற்றரியே 12.6தான். எப்படி அளந்தீர்கள்?

வேன்வாசி | புதன், இரவு 8.40
மனைவி மிதித்துப் பிடித்திருந்தார், நான் பின்னால் நின்று அளந்தேன். இஞ்சின் நின்றுவிடுகிறதே, வேறு எப்படி அளப்பது?

திருகாணி | புதன், இரவு 8.51
நான் அப்போதே வயரிங் என்று சொன்னேன்.

பொள்ளாச்சி பீட்டில் | புதன், இரவு 8.53
எப்போது? 009 என்றல்லவா இழையை மூடச் சொன்னீர்கள்?

டோர்ட்முண்ட் தவம் | புதன், இரவு 9.05
இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, டாஷ்போர்டில் டைனமோவின் சிவப்பு விளக்கு என்ன செய்கிறது? காலை எடுக்கும்போது விளக்கு முதலில் எரிகிறதா, இஞ்சின் முதலில் நிற்கிறதா? இரண்டு, அந்த வால்வுக்கும் சோக்குக்கும் (இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைக்கும் தகடு) கரண்டை எந்த முனையிலிருந்து எடுத்தீர்கள்? வயர் நிறங்களையும் சொல்லுங்கள்.

வேன்வாசி | வியாழன், காலை 6.55
விளக்கு மிதித்தால் அணைகிறது. காலை எடுத்தால் முதலில் மங்கலாக வந்து, பிறகு பளிச்சென்று எரிந்து, அதன் பிறகுதான் இஞ்சின் நிற்கிறது. முன்பு இப்படி இருந்ததாக நினைவில்லை. நிறம் எல்லாம் சிவப்பு, ஒரே சுருள்தான் வாங்கினேன். காயில் (பொறிக்கு வோல்ட்டை உயர்த்தும் சுருள்) முனையில் இடமில்லை. றெகுலேற்றரில் (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மெல்லிய வயர் போகும் முனையில் கரண்ட் வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து இரண்டுக்கும் எடுத்தேன்.

திருகாணி | வியாழன், காலை 7.20
எல்லாம் சிவப்பு. தொழிற்சாலைக்காரன் கறுப்பு, நீலம், நீலம்-பச்சை என்று பிரித்துப் போட்டது அழகுக்காக என்று நினைத்தீர்களா?

டோர்ட்முண்ட் தவம் | வியாழன், காலை 7.35
கிடைத்துவிட்டது. றெகுலேற்றரில் அந்த முனையின் பக்கத்தில் 61 என்று பொறித்திருக்கும். ஜெர்மன் வண்டிகளில் முனை எண்கள் எல்லாம் டிஐஎன் 72552 தரப்படி வருபவை: 30 பற்றரியிலிருந்து நேராக, 15 சாவி வழியாக, 31 எர்த், 50 ஸ்டார்ட்டருக்கு, 61 சார்ஜ் விளக்குக்கு. அந்த 61க்குப் பழைய வயர் நீலமாக இருந்திருக்கும்.

61 டைனமோவின் வெளியீட்டோடு இணைந்தது. டைனமோ வேகமாகச் சுற்றும்போது மட்டுமே அங்கே முழு வோல்ட் இருக்கும். மனைவி மிதித்தார், டைனமோ 13 கொடுத்தது, உங்கள் மீற்றர் மகிழ்ந்தது. காலை எடுத்ததும் சுற்று இறங்குகிறது, டைனமோ படுத்துவிடுகிறது, வால்வுக்கு வோல்ட் போதாமல் ஊசி முன்னே வந்து ஐட்லிங் வழியை அடைக்கிறது. அதனால்தான் விளக்கு முந்துகிறது, இஞ்சின் பிந்துகிறது. சாவியை மட்டும் போட்டால் டிக் கேட்காததும் இதனால்தான்: விளக்கு வழியாகக் கசிந்து வரும் சிறு கரண்ட் அந்த வால்வை அசைக்காது. அளந்தாலும் பூச்சியத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 61இல் விளக்கு வயரை மட்டும் விட்டுவிடுங்கள். சோக், வால்வு இரண்டின் வயரையும் காயிலின் 15ஆம் முனைக்கு, சாவியிலிருந்து கறுப்பு வயர் வந்து சேரும் பக்கத்துக்கு, மாற்றுங்கள். இடமில்லை என்றால் ஒரு முனையை இரண்டாகப் பிரிக்கும் தகட்டுக் கிளிப் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும். தவறி 1ஆம் முனையில், பாயிண்டுக்குப் போகும் பக்கத்தில், கொடுத்துவிடாதீர்கள். சோக்கின் சூடாக்கும் சுருள் பாயிண்டைச் சுற்றிக் குறுக்கு வழி போட்டுவிடும், பாயிண்ட் திறந்தாலும் காயிலில் கரண்ட் அறுபடாது, பொறி செத்துப்போகும்.

காற்றுக்கசிவு | வியாழன், காலை 8.10
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த ரப்பர் உறைகளை ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது.

பொள்ளாச்சி பீட்டில் | வியாழன், காலை 8.30
வயரை மாற்றிய பிறகு ஐட்லிங்கைச் சரிசெய்யும்போது கவனம். நின்றுவிடுகிறது என்பதற்காகத் த்ராட்டில் கம்பியின் ஸ்குரூவைத் திருகியிருப்பீர்கள், யாருக்கும் கை சும்மா இருக்காது. அதை முழுவதும் தளர்த்தி, தொட்டும் தொடாமலும் வைத்து, அதன் பிறகு கால் சுற்று மட்டும் உள்ளே. சிறிய ஸ்குரூவை மெதுவாக முடிவரை மூடி, இரண்டரைச் சுற்று வெளியே. வேகத்தை இடது பக்கம் இருக்கும் பெரிய பைபாஸ் ஸ்குரூவில்தான் வைக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சோக் தகடு நேராக நின்ற பிறகு.

டோர்ட்முண்ட் தவம் | வியாழன், காலை 9.02
இன்னொன்று. பெற்றோல் குழாயையும் மாற்றினீர்களா? துணி சுற்றிய பழைய குழாய் என்றால் இன்றே எறியுங்கள். இன்றைய எத்தனால் கலந்த பெற்றோலுக்கு ஆர்9 என்று அச்சிட்ட குழாய் வேண்டும். இந்த வண்டிகளில் இஞ்சின் அறைத் தீ அதிகம் தொடங்குவது அங்கிருந்துதான். காபுரேற்றரில் பெற்றோல் நுழையும் பித்தளைக் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் ஓட்டாதீர்கள். பிள்ளைகள் பின்னால் படுத்து வரப்போகிறார்கள். சோக்குக்குப் போகும் வயரில் ஒரு ஃபியூசும் போடுங்கள்.

திருகாணி | வியாழன், காலை 9.40
எல்லாம் சரி. ஆனால் 009ஐ மாற்றாதவரை...

பொள்ளாச்சி பீட்டில் | வியாழன், காலை 9.42
ஐயா!

வேன்வாசி | வெள்ளி, இரவு 11.15
15க்கு மாற்றினேன். ஐட்லிங்கில் அசையாமல் ஓடுகிறது. தவம் அண்ணாவுக்கு நன்றி. காலையில் புறப்படுகிறோம்.

டோர்ட்முண்ட் தவம் | வெள்ளி, இரவு 11.21
மகிழ்ச்சி. குழாய்? ஃபியூஸ்?

டோர்ட்முண்ட் தவம் | ஞாயிறு, மாலை 4.00
தம்பி?

புதியவன்71 | திங்கள், காலை 10.12
எனக்கும் இதே பிரச்சினைதான். காலை எடுத்தால் நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பொள்ளாச்சி பீட்டில் | திங்கள், காலை 10.15
என்ன வண்டி? எந்த வருடம்? டைனமோவா, ஆல்டர்னேட்டரா?

திருகாணி | திங்கள், காலை 10.19
புது இழை தொடங்குங்கள்.