வாடகை வீட்டுக்கு ஏற்ற துப்பாக்கிப் பெட்டகம்: ஆலோசனை வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். டெக்சாஸில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கும் எங்களிடம் இரண்டு ரைஃபிள்களும் ஒரு கைத்துப்பாக்கியும் உள்ளன. எங்கள் ஐந்து வயது மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அவை இருக்கும் அலமாரியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்ததை நேற்றுப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமே இல்லை. 17 வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குக் குண்டு நிரப்பிய துப்பாக்கி கிடைக்க விடுவது இங்கே சட்டப்படியும் குற்றம்.

300 கிலோ பெட்டகத்தை மாடிப்படியில் ஏற்ற இயலாது. அடிக்கடி வீடு மாறும் எங்களுக்கு அது சரிவராது. 14 கேஜ் (எஃகுத் தகட்டின் தடிமன் அளவு; எண் குறைந்தால் தடிமன் கூடும்) தகட்டைவிட 12 கேஜ் தடிமனானது என்றாலும் எடையும் கூடிவிடுகிறது. ஆகவே, பகுதி பகுதியாகக் கழற்றி மாட்டும் பெட்டகத்தையோ, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கும் எஃகு அலமாரியையோ 500 டாலருக்குள் வாங்கியவர்கள், அதன் பூட்டு எவ்வளவு உறுதியானது, வீடு மாறும்போது இருவரால் தூக்க முடிந்ததா என்று தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.