மியூனிக்கில் எடுத்து ரோமில் விடும் வாடகை கார்: ஒரே வண்டியா, எல்லையில் மாற்றுவதா?

கருவேலங்காடு:
செப்டம்பரில் நாலு பேர் போறோம். பெரியவங்க ரெண்டு, 8, 11 வயசுல பிள்ளைங்க ரெண்டு, பெரிய பெட்டி நாலு. மியூனிக்கில் இறங்கி ரோமில் விமானம் ஏறணும், நடுவே 12 நாள். ஃபூசன் கோட்டை, இன்ஸ்புருக், டோலமைட்ஸ் மலை, வெனிஸ், ஃபிளாரன்ஸ், ரோம். நாள் வாடகை நியாயமாத்தான் இருக்கு. ஆனா நிபந்தனைப் பக்கத்துல பொடி எழுத்துல "ஒன்வே கட்டணம் 600 யூரோ, வரி தனி, கவுண்டரில் செலுத்தவும்"னு போட்டிருக்கான். இதைத் தவிர்க்க வழி உண்டா?

எல்லைச்சாவடி:
அந்த 600 எதற்கு என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஜெர்மன் நம்பர் பிளேட் உள்ள வண்டியை ரோம் அலுவலகம் உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு விட முடியாது. பதிவு வரிச் சிக்கல் வரும். ஜெர்மனிக்கே போகிற வெளிநாட்டுப் பயணி யாராவது கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் போட்டு 900 கிலோமீட்டர் ஓட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தச் செலவைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறார்கள். ஒரே நாட்டுக்குள் பெரிய ஊரில் எடுத்து இன்னொரு பெரிய ஊரில் விட்டால் இந்தக் கட்டணம் மிகக் குறைவு, பல இடங்களில் இல்லவே இல்லை.

ஆகவே எந்த வண்டியையும் எடுத்த நாட்டிலேயே விடும்படி திட்டம் போடுங்கள். மியூனிக் விமான நிலையத்தில் எடுத்து, ஃபூசன் பார்த்துவிட்டு, மியூனிக் முக்கிய ரயில் நிலைய அலுவலகத்திலேயே விடுங்கள். அங்கிருந்து வட இத்தாலியில் டோலமைட்ஸ் பக்கம் இருக்கும் போல்சானோவுக்கு நேரடி ரயில், நாலு மணி நேரம், வண்டி மாற வேண்டாம். வழியில் இன்ஸ்புருக்கில் இறங்கிப் பார்க்க நினைத்தால் டிக்கெட் எடுக்கும்போதே அந்த நிறுத்தத்தைச் சேர்த்துவிடுங்கள். போல்சானோவில் இத்தாலிய வண்டி. கார்தேனா பள்ளத்தாக்கு, செல்லா கணவாய், போர்தோய் கணவாய், கொர்தினா, பிறகு A27 வழியாக வெனிஸ். வெனிஸ் தீவில் கார் போகக்கூடிய கடைசி இடமான பியாசாலே ரோமாவில் வண்டியை விட்டதும் கார் வேலை முடிந்தது. வெனிஸ்–ஃபிளாரன்ஸ் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம், ஃபிளாரன்ஸ்–ரோம் ஒன்றரை.

மூட்டைமுடிச்சு:
வரைபடத்துல பாக்க அழகா இருக்கு அண்ணே. நாலு பெரிய பெட்டியும் ரெண்டு பிள்ளைங்களுமா பிளாட்பாரத்துல ஏறி இறங்குறது யாரு? அது ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கே இடிக்குது.

ஏழு நாளுக்கு மேல எடுத்தா நாள் வாடகை இறங்கும். ரெண்டு நாள், நாலு நாள்னு உடைச்சா ரெண்டுக்கும் குறுகிய கால ரேட்டுதான். டெபாசிட்டும் ரெண்டு தடவை பிளாக் ஆகும். முதல் வண்டிப் பணம் கார்டுக்குத் திரும்புறதுக்குள்ள அடுத்த கவுண்டர்ல நிப்பீங்க. லிமிட் பத்தலைன்னா சாவி கிடைக்காது. இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஓட்டிப் பழகினவங்க இடப்பக்க ஸ்டியரிங், வலக்கையில கியர்னு தடுமாறாம இருக்க ஆட்டோமேட்டிக் கேப்பாங்க. மியூனிக் ஏர்போர்ட்ல அது தாராளமா இருக்கும். போல்சானோ மாதிரி சின்ன ஊர்ல கையிருப்பே நாலைஞ்சு வண்டிதான். ஞாயித்துக்கிழமையும் மத்தியானமும் ஷட்டர் இறக்கியிருக்கும். ரயில் ஒரு மணி நேரம் லேட்டானா அன்னிக்கு வண்டி இல்ல.

வெளிநாட்டுல விட்டே ஆகணும்னா ரோமில் விடாதீங்க, வெனிஸ்ல விடுங்க. நிறைய கம்பெனிகள்ல டிராப் சார்ஜ், அதாவது இந்த ஒன்வே கட்டணம், நாட்டைப் பொறுத்துத்தான், ஊரைப் பொறுத்து இல்ல. ஃபிளாரன்ஸ், ரோம் நாட்களுக்கு வாடகையும் பார்க்கிங்கும் மிச்சம்.

சில்லறை:
எதுக்கு இவ்ளோ கஷ்டம்? மியூனிக்கிலயே திருப்பி விடுறதா புக் பண்ணிட்டு கடைசியில ரோம் ஆபீஸ்ல சாவியைப் போட்டுட்டு வந்துடலாமே. வண்டி அவங்க வண்டிதானே.

எல்லைச்சாவடி:
இந்த யோசனையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதாத இடத்தில் விட்டால் "அனுமதியற்ற ஒப்படைப்பு". கவுண்டரில் கேட்ட தொகையைவிட அதிகமான தொகை கார்டில் ஏறும், ஆட்சேபிக்கவும் இடமில்லை, கார்டு விவரம் அவர்களிடமே இருக்கிறது. நடுவில் உண்மையாகவே திட்டம் மாறினால், விடுவதற்கு முன்பே எடுத்த அலுவலகத்தை அழைத்து, புதிய தொகையை மின்னஞ்சலில் எழுதி வாங்க வேண்டும்.

கணக்கன்:
இந்தப் பக்கத்தைப் பின்னால் படிக்க வருபவர்களுக்காக ஒரு மூன்றாவது வழி. பயணம் மூன்று வாரத்துக்கு மேல் என்றால் பிரான்சின் குறுகிய கால லீஸ் முறையைப் பாருங்கள். ரெனோ, பெஜோ போன்றவர்கள் தருகிறார்கள். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. புதிய வண்டி, சிவப்பு நம்பர் பிளேட், முழு காப்பீடு, விபத்து நடந்தாலும் கையைக் கடிக்கிற தொகை எதுவும் இல்லை. பொதுவாகக் குறைந்தது 21 நாள். பிரான்சுக்கு வெளியே எடுக்க, விட ஒரு நிலையான கட்டணம் உண்டு. 12 நாளுக்கு இது ஒத்துவராது.

கருவேலங்காட்டின் கணக்குக்கு வருவோம். இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறீர்கள். 600-க்கு மேல் வரி வேறு: ஜெர்மனியில் போட்டால் 19 சதவீதம், அதாவது 714 யூரோ. அதோடு ஒப்பிட வேண்டியது நாலு பேர் ரயில் டிக்கெட், உடைத்து எடுப்பதால் கூடும் வாடகை, இரண்டாவது வண்டிக்கான கூடுதல் ஓட்டுநர் கட்டணம், குழந்தை இருக்கை கட்டணம். ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழே 150 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம். இத்தாலியிலும் 150 செ.மீ. வரை. எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை போதும். ஐரோப்பியத் தரச் சான்று ஒட்டிய பூஸ்டர் ஒரு கடையில் கிடைக்கும் விலையை, கவுண்டர் இரண்டு மூன்று நாளிலேயே வாங்கிவிடும்.

மூட்டைமுடிச்சு:
714-ஐ ஒத்துக்கிறேன். ஆனா அதுக்கு மாத்தா கிடைக்கிறது என்னன்னும் பாருங்க. ஃபூசன்ல இருந்து ஃபெர்ன் கணவாய் வழியா நேரா இன்ஸ்புருக் இறங்கலாம். எல்லைச்சாவடி சொல்ற வழியில ஃபூசன்ல இருந்து மறுபடி மியூனிக், 120 கிலோமீட்டர் வடக்கே. அப்புறம் அதே தெற்கு. பாதி நாள் அதுலயே போச்சு.

எல்லைச்சாவடி:
போகட்டும், ஆனால் உங்கள் வழியில் ஆஸ்திரிய–இத்தாலி எல்லையின் பிரென்னர் கணவாய் இருக்கிறதே. அங்கே போகும் A13 நெடுஞ்சாலையில் பழைய லூக் பாலத்தைப் புதிதாகக் கட்டும் வேலை நடப்பதால் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். நெரிசல் நாளில் அங்கே நிற்பதும் நேரத்தைத் தின்னும். ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு 10 நாள் விக்னெட், அதாவது சாலைக் கட்டணச் சீட்டு, 12 யூரோ சொச்சம். பிரென்னர் டோல் தனி, அதுவும் ஏறத்தாழ அதே அளவு. டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு கட்டியது என்பதால் ஊரிலிருந்தே வாங்கி வைக்க முடியாது. வண்டியைக் கையில் வாங்கி, பிளேட்டைப் படம் எடுத்து, எல்லைக்கு முன் பெட்ரோல் பங்கில் வாங்குங்கள். நடுவில் வண்டி மாற்றிக் கொடுத்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

கணக்கன்:
எந்த வழியானாலும் கவுண்டரில் எந்தெந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். பென்ஸ், பி.எம்.டபிள்யூ. வகை ஜெர்மன் வண்டிகளை இத்தாலிக்கு அனுமதிக்காத நிறுவனங்கள் உண்டு. சொல்லாமல் போனால் காப்பீடு செல்லாது. சர்வதேச லைசென்ஸ் ஆர்டிஓவில் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். கவுண்டரில் சில நேரம் கேட்காமலே சாவி கொடுத்துவிடுவார்கள். இத்தாலியில் போலீஸ் நிறுத்தினால் கேட்பார்கள். டெபாசிட்டுக்கு ஓட்டுபவர் பெயரிலேயே க்ரெடிட் கார்டு, வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆப்பில் இயக்கிவிட்டு.

கருவேலங்காடு:
ரோமில் விடுறதை விட்டுட்டேன், அது உறுதி. வெனிஸ்ல விடும்போது எதுல மாட்டுவோம்? ஃபிளாரன்சுக்கும் வண்டியிலேயே போனா?

மூட்டைமுடிச்சு:
வெனிஸ் பாலத்துக்கு முன்னாடி வர்ற மெஸ்த்ரேயிலேயே டாங்கை நிரப்பி ரசீதை வச்சுக்குங்க. பாலம் ஏறி பியாசாலே ரோமா போயிட்டு, பெட்ரோலுக்காகத் திரும்பி வர்றது பெரிய தொல்லை. ஆபீஸ் மூடுற நேரத்துக்குள்ள போய், ஆளை வச்சு வண்டியைச் சுத்திப் பார்த்து கையெழுத்து வாங்குங்க. நாலு பக்கமும், சக்கரமும், மைலேஜும், பெட்ரோல் முள்ளும் தெரிய வீடியோ எடுத்துக்குங்க.

எல்லைச்சாவடி:
ஃபிளாரன்சுக்கு வண்டியில் போவதாக இருந்தால் நகரத்துக்குள் இருக்கும் அலுவலகத்தில் விடாதீர்கள். பழைய நகரம் முழுக்க வாகனத் தடை மண்டலம், நுழைவில் கேமரா. வாடகை நிறுவனம் உங்கள் பெயரைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கே 40, 50 யூரோ பிடிக்கும். அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். ஃபிளாரன்சின் பெரெத்தோலா விமான நிலையத்தில் விட்டுவிட்டு T2 டிராமில் ஏறினால் இருபது நிமிடத்தில் நகரம்.

மூட்டைமுடிச்சு:
அதுல சண்டை இல்ல. ஆனா போல்சானோவுல ஆட்டோமேட்டிக் கிடைச்சா மட்டும் உடைச்சு எடுங்க. புக்கிங்ல "அல்லது அதுபோன்றது"ன்னு போட்டிருப்பது மாடலுக்குத்தான். கியர் வகை உறுதியான்னு வவுச்சர்ல பாருங்க, அந்த ஊர் ஆபீசுக்கு போன் போட்டும் கேளுங்க. இல்லைன்னா 714 குடுத்துட்டு ஒரே வண்டியில போங்க.